இனத்தரம் என்னும் ஆவணம்: டாஷ்ஹண்டும் முதோள் வேட்டைநாயும்

பெங்களூரு கப்பன் பூங்காவில் காலை நடைக்குச் செல்வோர் டாஷ்ஹண்ட் நாயைப் பலமுறை பார்த்திருப்பர். நீண்ட உடல், குட்டைக் கால்கள், தரையை ஒட்டிய நடை. இதே மாநிலத்தின் வடபகுதியில், பாகல்கோட்டை மாவட்டத்து முதோளில், அதற்கு நேர்மாறான உடலமைப்புக் கொண்ட நாயினம் ஒன்று உண்டு. ஏறத்தாழ 70 செ.மீ. உயரம், ஒடுங்கிய இடை, ஆழ்ந்த மார்பு, நீண்ட கால்கள். இவ்விரு நாய்களின் உடலையும் இன்று 'இனத்தரம்' என்ற எழுத்து வடிவம் வரையறுக்கிறது. அந்த எழுத்தை வரலாற்று ஆவணமாக வாசித்தால் என்ன தெரியவரும் என்பதே இப்பதிவின் பொருள்.

இனத்தரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் படைப்பு. 1859இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873இல் லண்டனில் கென்னல் கிளப் உருவாயிற்று. கண்காட்சி வந்தபின் நடுவர் வந்தார். நடுவருக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. அதற்கு முன்னும் நாய்களைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் வழக்கம் இருந்தது. ஆனால் தேர்வைச் செய்தது வேலை, எழுத்து அன்று.

டாஷ்ஹண்டின் பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது. 'டாக்ஸ்' என்பது நிலத்தடி வளையில் வாழும் பேட்ஜர் என்னும் விலங்கைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல். 'ஹுண்ட்' என்றால் நாய். இதன் ஜெர்மானிய இனத்தரம் 1879இல் எழுதப்பட்டது. 1888இல் இவ்வினத்துக்கென ஜெர்மன் டெக்கல் கிளப் தோன்றியது. இன்று வழங்கும் பன்னாட்டுக் கூட்டமைப்பின் இனத்தரத்தை (எண் 148) வாசிப்பவர், ஒவ்வொரு விதியின் பின்னும் ஒரு வளையைக் காணலாம். குட்டைக் கால் வளைக்குள் நுழைய. வலிய முன்னங்கால் மண்ணைத் தோண்ட. ஆழ்ந்த மார்பு காற்றுக் குறைந்த இடத்தில் மூச்சுத் தாங்க. இவ்வினத்தின் மூன்று அளவுப் பிரிவுகளை நிர்ணயிப்பதும் உயரமன்று, மார்புச் சுற்றளவே. வளைக்குள் செல்லும் நாயின் உயரத்தைவிட, அது எந்த வளைக்குள் சிக்காமல் சென்று மீளும் என்பதே வேட்டைக்காரனுக்கு முக்கியம்.

அதே ஆவணம் ஒரு தடையையும் விதிக்கிறது. வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, தோளுயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கவேண்டும். உடல் நீளம் தோளுயரத்தைப் போல் 1.7 முதல் 1.8 மடங்கு அளவில் நிற்கவேண்டும். இத்தடையின் தேவையை மரபியல் பின்னர் விளக்கியது. குட்டைக் காலுக்குக் காரணம் எஃப்ஜிஎஃப்4 என்னும் மரபணுவின் கூடுதல் படி என்பதை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே மரபணுவின் மற்றொரு படி முதுகெலும்பு வட்டுகள் இளமையிலேயே சிதைவதோடு தொடர்புடையது என்பது 2017இல் வெளிப்பட்டது. வேலைக்கு உதவிய உடலமைப்பினுள்ளேயே நோயின் வித்தும் இருந்தது. கண்காட்சியின் விருப்பம் மட்டுமே தேர்வு செய்தால் 'இன்னும் நீளம், இன்னும் குட்டை' என்று அது நீண்டுகொண்டே போகும். ஜெர்மன் கிளப் இன்றும் இந்நாய்களுக்கு வேட்டைத் தேர்வுகளை நடத்துகிறது. அங்கே எழுத்துக்குப் பக்கத்தில் வேலையும் ஒரு நடுவராக இருக்கிறது.

இனி முதோளுக்கு வருவோம். தக்காணத்தின் வறண்ட வெளியில் முயலைக் கண்ணால் கண்டு துரத்தும் நாய் இது. இதை வளர்த்தவர்கள் பேடர் முதலிய வேட்டைச் சமூகத்தாரும் சிற்றூர் உழவர்களும். முதோள் சமஸ்தானத்தின் மாலோஜிராவ் கோர்படே இவ்வினத்தை ஆதரித்து வளர்த்தார் என்றும், ஓர் இணையை ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்குப் பரிசளித்தார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஊரின் பெயர் நாய்க்கு நிலைத்தது இக்கதையோடுதான். ஆனால் தக்காணத்தில் 'கர்வானி' என்ற பெயரும் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப் இதனை 'கேரவன் ஹவுண்ட்' என்றே பதிவு செய்கிறது. இந்திய தேசியக் கென்னல் கிளப்போ 'முதோள் ஹவுண்ட்' என்கிறது. ஒரே நாய்க்கு இரு பெயர்கள்: ஒன்று பயணக் கூட்டத்தை நினைவூட்டுகிறது, மற்றது அரண்மனையை. வளர்த்த சமூகத்தின் பெயர் இரண்டிலும் இல்லை. டபிள்யூ. வி. சோமனின் 1963ஆம் ஆண்டு நூலும், பெங்களூரில் வாழும் சு. தியடோர் பாஸ்கரனின் 2017ஆம் ஆண்டு நூலும் இந்திய நாய்களைப் பற்றிய நமது எழுத்து மரபின் முக்கியக் கண்ணிகள். அவற்றுக்கு அப்பால் இத்துறை பெரிதும் வெறுமையாகவே கிடக்கிறது.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டையைத் தடைசெய்தன. காட்டுயிர்களைப் பொறுத்தவரை அது தேவையான முடிவு. ஆனால் அதன் விளைவாக முதோள் நாயின் வேலை சட்டத்துக்குப் புறம்பாயிற்று. வேலை என்னும் நடுவர் விலகியபின் எஞ்சியவை கண்காட்சியும் சந்தையும்தாம். அவை தனித்துத் தேர்வு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ராஜபாளையம் நாய் ஒரு சான்று. தூய வெண்ணிறத்துக்கும் இளஞ்சிவப்பு மூக்குக்கும் தரப்பட்ட முதன்மை, அந்நிறத்தோடு சேர்ந்துவரும் பிறவிக் கேளாமையையும் குட்டிகளில் தங்கச் செய்தது.

இச்சூழலில் வேறொரு வகை எழுத்தையும் கவனிக்க வேண்டும். கர்னாலில் உள்ள தேசியக் கால்நடை மரபு வளப் பணியகம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோள் முதலிய நாயினங்களைப் பதிவு செய்துள்ளது. கென்னல் கிளப்பின் இனத்தரம், நாய் எப்படி இருக்கவேண்டும் என்று கட்டளையிடுகிறது. பணியகத்தின் பதிவோ, ஒரு வட்டாரத்தில் உள்ள நாய்கள் எப்படி இருக்கின்றன, எதற்குப் பயன்படுகின்றன என்பதை அளந்து விவரிக்கிறது. முன்னது ஒற்றை இலட்சிய உருவத்தை நாடுகிறது. பின்னது வேறுபாடுகளின் எல்லையைக் குறித்துவைக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவது ஆய்வில் நேரும் பெரும்பிழை. முதோளுக்கு அருகே திம்மாப்பூரில் பீதர் கால்நடைப் பல்கலைக்கழகம் நடத்தும் ஆய்வு மையமும், 2016இல் முதோள் குட்டிகளை மீரட்டுக்குக் கொண்டுசென்று தொடங்கிய ராணுவப் பயிற்சியும் இந்த நாய்க்குப் புதியதொரு வேலையைத் தேடும் முயற்சிகள் என்றே கொள்ளலாம்.

ஆயினும் முதல் நடுவர்களின் அளவுகோல் இன்னும் எழுதப்படவில்லை. ஒரு குட்டியைத் தூக்கிப் பார்த்து, எதைக் கொண்டு அதை வைத்துக்கொள்வதா கொடுத்துவிடுவதா என்று முதோள் பக்கத்து முதியவர் முடிவு செய்தார்? பாதத்தையா, மார்பையா, தாயின் ஓட்டத்தையா? அவர் அதற்கு வழங்கிய கன்னடச் சொற்கள் எவை? நம் கரிசல் வட்டாரத்தில் சிப்பிப்பாறையையும் கன்னியையும் வளர்த்தோர் வழங்கிய தமிழ்ச் சொற்கள் எவை? வேட்டையை நேரில் அறிந்த தலைமுறைக்கு இன்று முதுமை வந்துவிட்டது. வரலாறு, நாட்டாரியல், கால்நடை அறிவியல் பயிலும் மாணவர்கள் சேர்ந்து செய்யவேண்டிய களப்பணி இது. டாஷ்ஹண்டின் இனத்தரத்தில் வளையின் அளவு இன்னும் வாசிக்கக் கிடைப்பது, அதை எழுதியவர்கள் வேட்டையை அறிந்திருந்ததால். முதோள் நாயின் இனத்தரத்தில் தக்காணத்து வெளி இடம்பெற வேண்டுமானால், அதை அறிந்தவர்களிடம் இப்போதே கேட்டாக வேண்டும்.