பிள்ளையார்பாளையம்: பட்டுச் சேலை வாணிகம்

காஞ்சி மாநகரின் மேற்புறத்தில், பல்லவர் எடுப்பித்த கைலாசநாதர் ஆலயத்தை அடுத்து விளங்கும் பிள்ளையார்பாளையம், கைத்தறி நெசவாளர் தலைமுறை தலைமுறையாக வசித்துவரும் பகுதியாகும். இங்கே வீடே தொழிற்கூடமாக இருப்பினும், விற்பனை பெரும்பாலும் காந்தி சாலையின் பட்டு மாளிகைகளிலும், முருகன், காமாட்சியம்மன், அறிஞர் அண்ணா முதலிய பெயர்கள் தாங்கிய கூட்டுறவுச் சங்கங்களிலுமே நடைபெறுகிறது. இவ்வூருக்குத் தெய்வ தரிசனத்திற்கு வருவோர் பட்டையும் நாடுகின்றனர். இங்கு வாங்குவோர் தனியே வருவது அபூர்வம், விவாக முகூர்த்தத்தை முன்னிட்டுக் குடும்பமே பாய்மீது அமர்ந்து தேர்ந்தெடுக்கும்.

சேலையின் விசேஷம், உடலையும் கரையையும் பிணைத்து நெய்யும் கோர்வையில் உள்ளது. உடலும் கரையும் வெவ்வேறு வர்ணமாயின் மூன்று நாடாக்கள் ஓட, நெய்பவருக்குத் துணையாக மற்றொருவர் பக்கத்தில் அமர்ந்து ஒரு கரையின் நாடாவை எறிந்து தருவார். முந்தி நிறம் மாறுமிடத்திலோ புதுப்பாவின் இழைகளைப் பழைய பாவோடு ஒவ்வொன்றாகப் பிணைத்தல் வேண்டும். பட்டுநூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும், ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. 1971இல் தோன்றிய தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் இவ்வூரிலேயே ஜரிகை உற்பத்தி செய்கிறது.

ஜரிகையில் வெள்ளி குறைந்து, செம்பின்மேல் பொன்முலாம் பூசிய சரக்கு பெருகியிருப்பதால், பளபளப்பை மட்டும் நம்பி விலை கொடுப்பது விவேகமன்று. கோயில் வாசலிலேயே யாத்திரிகரை மறித்துத் தமக்கு வேண்டிய கடைக்கு இட்டுச் செல்லும் தரகரின் சொற்சாதுரியமோ தனிக்கலை; அவர் பெறும் தரகு சேலை விலையிலேயே அடங்கிவிடும். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005ஆம் ஆண்டிலேயே கிட்டியும், விசைத்தறிப் போலிகள் அதே பெயரில் விற்கப்படுவது ஒழிந்தபாடில்லை.