சீந்திலும் பத்தாவாலியும்



உங்கள் வீட்டு வேலியிலோ கம்பத்துப் பக்கத்து மரத்திலோ, உடம்பெல்லாம் மருமருவாய்த் தடித்த ஒரு கொடி ஏறியிருக்கலாம். இலை இதயம்போல் இருக்கும். மலாய்க்கார அண்டை வீட்டார் அதைப் பத்தாவாலி என்பார்கள். நம்மவர் சிலரோ, "அட, இது நம்ம ஊரு சீந்தில்தானே!" என்று ஒடித்துக்கொண்டு போவார்கள். அங்கேதான் கோளாறு.

சீந்திலின் கதை பெரியது. வடமொழியில் குடூசி, அமிர்தா என்று பெயர். இராமனுக்காகப் போரிட்டு மாண்ட வானரங்களை எழுப்ப இந்திரன் அமிர்தம் பொழிந்தானாம். துளி சிந்திய இடமெல்லாம் இக்கொடி முளைத்ததாம். 16-ஆம் நூற்றாண்டில் பாவமிசிரர் தம் மருந்து நூலில் இதை எழுதிவைத்தார். கதை கிடக்கட்டும். அடியை வெட்டினாலும் கொடி சாகாது. மேலேயிருந்து நூல்போல் விழுதை இறக்கி மண்ணைத் தொட்டுவிடும். பார்த்தவன் அமிர்தம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வான்? நம் சித்த வைத்தியர்கள் தண்டை இடித்து, நீரில் கரைத்து, அடியில் படியும் வெள்ளை மாவைச் 'சீந்தில் சர்க்கரை' என்றார்கள். பெயர்தான் சர்க்கரை!

நம் முன்னோர் கப்பலேறி மலாயா வந்தபோது, காடழித்த தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் காத்திருந்தது. கொசுவே அதைப் பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் 1897-இல் செக்கந்தராபாத்தில் கண்டறிய, 1901-இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்துக் காய்ச்சலை அடக்கினார். தோட்டங்களில் சாவு அதோடு நின்றுவிடவில்லை. கம்பத்து மக்களுக்கோ காய்ச்சலுக்குப் பத்தாவாலிக் கஷாயம். பிலிப்பைன்சில் இதே கொடிக்கு 'மகாபுகாய்', அதாவது உயிர் கொடுப்பது, என்று பெயர். அங்கேயும் அமிர்தம்தான்!

1972-இல் அமைந்த கெஜோரா வாரியம் காட்டைத் திருத்திச் செம்பனை நடவைத்த வட்டாரத்தில் எழுந்தது நம் பண்டார் தெங்காரா. இன்று நம் வீடுகளில் பயம் மலேரியா இல்லை, இனிப்புநீர். அதற்குத்தான் இந்தக் கொடியைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள்.

கொரோனாக் காலத்தில் சீந்தில் குடித்த 6 பேருக்குக் கல்லீரல் கெட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். "அது சீந்தில்தானா? அதேபோலிருக்கும் வேறு கொடியாக இருக்கலாமே" என்றது இந்திய ஆயுஷ் அமைச்சு. அந்த வேறு கொடிதான் நம் வேலிப் பத்தாவாலி! 2022-இல் பல மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரைக் கணக்கெடுத்தன. சீந்தில் மேலேயே குறை சொன்னார்கள். சண்டை ஓயவில்லை.

பத்தாவாலித் தண்டில் மரு நெருக்கமாக இருக்கும், கசப்போ தாங்காது. நீங்கள் எதைக் குடித்தாலும் சரி, கண் மஞ்சளித்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். குடித்த கொடியில் ஒரு துண்டையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.