விளாடிவாஸ்டாக்: கீழைக்கடல் துறைமுகம்

பெயரிலேயே அதிகாரம் தொனிக்கும் ஊர்கள் சில உண்டு. பசிபிக் கரையிலுள்ள ருஷியத் துறைமுகமாகிய விளாடிவாஸ்டாக் அவற்றுள் ஒன்று. 'கிழக்கை ஆள்க' என்பது அதன் பொருள். சீனரோ அவ்விடத்தைக் கடலட்டையின் பெயரால் அழைத்துவந்தனர். ஆளும் ஆசையில் பிறந்த பெயரைவிடக் கடலில் விளைந்த பெயரே நமக்கு இனிக்கிறது.

1860 ஜூலையில் 'மஞ்சூர்' என்னும் கப்பலிலிருந்து சிறு படையொன்று இங்குக் கரையிறங்கியது. அந்நிலம் ருஷியாவுக்கு உரியதென ஒப்பிய பீக்கிங் உடன்படிக்கையோ, அவ்வாண்டு நவம்பரில்தான் கையெழுத்தாயிற்று! 1891இல் பட்டத்திளவரசர் நிக்கலஸ், இந்தியாவையும் இலங்கையையும் கண்டு, ஜப்பானில் வாள்வெட்டுப் பட்டும் உயிர்தப்பி, இங்கு வந்து ரயில்பாதைப் பணியைத் தொடங்கிவைத்தார். மாஸ்கோவிலிருந்து 9,288 கிலோமீட்டர் ஓடிவரும் சைபீரியப் பெரும்பாதை இவ்வூரில்தான் முடிகிறது.

ஆனால், பட்டினத்தை உருவாக்கியவர்கள் ருஷியர் மட்டுமல்லர். வறுமைக்கு அஞ்சி எல்லை கடந்த கொரிய மக்கள் இப்பகுதியில் குடியேறி உழுதனர். நகரிலும் கூலிவேலை செய்தனர். 1911இல் அவர்களுடைய பழைய குடியிருப்பை அதிகாரிகள் அகற்றவே, நகரின் ஓரத்தில் 'புதிய கொரியச் சேரி' எழுந்தது. தாயகம் ஜப்பானியர் கையிலிருந்த அந்நாளில், விடுதலை வேட்கை கொண்டோர்க்கு அது புகலிடமாயிற்று. 1920 ஏப்ரலில் ஜப்பானியப் படை அங்கே புகுந்து பலரைக் கொன்றது. அதன் பின்னரும் அம்மக்கள் தளரவில்லை. 1923இல் தாய்மொழிச் செய்தித்தாள் ஒன்றையும், 1931இல் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியையும், 1932இல் நாடக அரங்கையும் இந்நகரில் கண்டனர். பிழைக்க வந்த இடத்தில் மொழியைப் பேணுவது எத்துணை அரிது என்பதை வெளிமாநிலங்களில் வாழும் நாம் அறிவோம்.

1937இல் சோவியத் அரசு, ஜப்பானிய உளவைத் தடுப்பதாகச் சொல்லி, தூரக்கிழக்கிலிருந்த கொரியர் ஏறத்தாழ 1,72,000 பேரையும் ரயிலேற்றிக் கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் அனுப்பியது. ஊரை உலகோடு இணைக்கப் போட்ட பாதையே அவர்களை ஊரைவிட்டு அகற்றவும் உதவியது. கல்லூரியும் அரங்கும் கஜகஸ்தானத்துக் கிசிலோர்டாவுக்குப் பெயர்ந்தன. மறு ஆண்டே கல்லூரியின் பாடமொழி ருஷியமாயிற்று.

சோவியத் காலத்தில் பல்லாண்டுகள் அயல்நாட்டார்க்கு மூடிக்கிடந்த நகரம் 1992இல் திறந்தது. 2019இல் சென்னைக்கும் இதற்கும் நேர்க் கடல்வழி அமைக்க இரு அரசுகளும் இசைந்தன. பழைய சேரியிருந்த இடத்தில் 1999இல் மூன்று கல்தூண்கள் நிறுவப்பெற்றன. அந்தச் செய்தித்தாளின் வழித்தோன்றலோ பெயர் மாறி, கொரியத்தோடு ருஷியமும் கலந்து, அல்மாட்டி நகரிலிருந்து வெளிவருகிறது.