வேலியில்லா அரங்கம்



எந்த ஆட்டத்தைக் காணச் சென்றாலும், ஆடுவோருக்கும் காண்போருக்கும் இடையே ஓர் எல்லை இருக்கும். திடலைச் சுற்றி வேலி இருக்கும். நுழைவதற்குச் சீட்டு இருக்கும். பிரெஞ்சு நாட்டில் நடைபெறும் ‘டூர் டி பிரான்ஸ்’ என்னும் சைக்கிள் பந்தயமோ இதற்கு விலக்கு. மூன்று வார காலம், 3,000 கிலோமீட்டருக்கும் மேலாக, ஊர்களையும் வயல்களையும் மலைகளையும் கடந்து செல்லும் இப்பந்தயத்துக்கு நாட்டின் பொதுச் சாலையே அரங்கம். பாதையின் பெரும்பகுதியில் வேலியில்லை. சாலையோரத்தில் நின்று காண்பதற்குக் கட்டணமும் இல்லை. வேலியில்லாத இடத்தில் வீரனைக் காப்பது எது? இவ்வினாவுக்கு அப்பந்தயத்தின் வரலாறே விடை கூறுகிறது.

1903-ஆம் ஆண்டில் ‘லோட்டோ’ என்னும் செய்தித்தாளின் ஆசிரியர் ஆன்றி தெகிராஞ்சு தமது இதழின் விற்பனையைப் பெருக்கும் நோக்குடன் இப்பந்தயத்தைத் தொடங்கினார். 60 வீரர் புறப்பட்டனர். மொரீஸ் கரேன் வென்றார். மக்களின் ஆர்வம் கரைபுரண்டது. மறு ஆண்டே அவ்வார்வம் வெறியாக மாறிற்று. அக்காலத்தில் வீரர் இரவிலும் சைக்கிள் ஓட்டினர். 1904-இல், சேன்தெத்தியேன் நகரை அடுத்த மலைச்சாலையில், உள்ளூர் வீரர் ஒருவரை முன்னே செல்லவிட்டு, பின்வந்தோரை ஒரு கூட்டம் இருளில் மறித்துத் தாக்கியது. கரேனும் அடிபட்டார். வேறிடங்களில் சாலையில் ஆணிகள் இறைக்கப்பட்டன. விதிகளை மீறிய வீரரும் பலர். ஆண்டின் இறுதியில் முதல் நான்கு இடங்களைப் பெற்றோர் தகுதி நீக்கம் செய்யப்பட, ஐந்தாமவராய் வந்த ஆன்றி கோர்னே என்னும் இளைஞர் வெற்றியாளர் ஆனார். பந்தயத்தின் கதை முடிந்தது என்றே தெகிராஞ்சு எழுதினார். ஆயினும் அவர் அதைக் கைவிடவில்லை. 1905-இல் ஒவ்வொரு நாளின் தொலைவையும் குறைத்து, இரவுப் பயணத்தைத் தவிர்த்தார்.

பகல் வந்தும் தீங்கு முற்றும் ஒழியவில்லை. 1950-இல் பிரனீசு மலைத்தொடரின் ஆஸ்பேன் கணவாயில், கூட்டத்தினிடையே இத்தாலிய வீரர் பர்த்தாலி கீழே விழுந்தார். தம்மைச் சிலர் தாக்கினர் என்று அவர் குற்றஞ்சாட்டினார். இத்தாலியரான மாஞ்ஞி அன்று முதலிடத்துக்குரிய மஞ்சட் சட்டைக்கு உரியவராக இருந்தும், இத்தாலிய அணியினர் அனைவரும் பந்தயத்தை விட்டு விலகினர். 1975-இல், ஐந்து முறை வென்றிருந்த பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸை, புய் தெ தோம் மலையேற்றத்தில் சாலையோரத்தில் நின்ற ஒருவர் விலாவில் குத்தினார். ஆறாம் வெற்றி மெர்க்ஸுக்குக் கிட்டவேயில்லை.

இவை பகையால் விளைந்தவை. அன்பாலும் ஆர்வத்தாலும் விளையும் கேடுகளும் உண்டு. காண்போர் மணிக்கணக்கில் காத்து நிற்கின்றனர். வீரரோ சில நொடிகளில் கடந்து விடுகின்றனர். அந்நொடியை இழக்கலாகாது என்று ஒவ்வொருவரும் ஓரடி முன்னே வைக்கின்றனர். பின்நிற்பவர் பார்வை மறைவதால் அவரும் ஓரடி வைக்கிறார். இவ்வாறே சாலை சுருங்கிவிடுகிறது. 2016-இல் வாந்தூ மலையில் கடுங்காற்றின் காரணமாக முடிவிடத்தைக் கீழே மாற்றினர். மக்கள் நெருக்கம் மிகுந்தது. கூட்டத்தில் சிக்கி நின்ற மோட்டார் சைக்கிளின் மீது வீரர் மோதினர். முதலிடத்தில் இருந்த கிறிஸ் புரூம் தம் சைக்கிள் பழுதுறவே, மலைச்சாலையில் கால்களால் ஓடும்படி நேர்ந்தது.

சமவெளியில் வேகம் மிகுதி. எதிர்காற்றின் தாக்கத்தைக் குறைக்க, வீரர் ஒருவர் பின் ஒருவராக நெருங்கிச் செல்வர். ஒருவர் விழுந்தால் பின்வருவோர் நிற்க இயலாது. 2021-இல் முதல் நாளன்றே, பாட்டன் பாட்டிக்கு வாழ்த்து எழுதிய அட்டையொன்றைத் தொலைக்காட்சியில் தெரியும்படி நீட்டிய ஒரு பெண், வரும் வீரருக்கு முதுகைக் காட்டி நின்றார். அட்டையில் ஒருவர் மோத, பல வீரர் சரிந்தனர். நீதிமன்றம் அப்பெண்ணுக்கு 1,200 யூரோ அபராதம் விதித்தது. அவர் நெஞ்சில் தீய எண்ணம் சிறிதும் இல்லை. கவனம் மட்டுமே இல்லை.

எனினும், ஒரு சிலரின் பிழைக்காக மக்கள் அனைவரையும் பழித்தல் நேர்மையன்று. 1999-இல் ஆல்ப் துயேஸ் மலையில், புகைப்படம் எடுக்கச் சாலை நடுவே நின்ற ஓர் இளைஞர் குவெரீனி என்னும் வீரரை வீழ்த்திவிட்டார். உடனே அவ்விளைஞரே அவரைத் தூக்கி நிறுத்தித் தள்ளிவிட்டார்; குவெரீனி அன்று வென்றார். பிழை செய்தவன் அதைத் திருத்தவும் கை கொடுத்தது போற்றத்தக்கதன்றோ?

மாணவர்களே, விழா நாளில் திடலைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு இடுவது ஆசிரியர் வழக்கம். அக்கோட்டுக்கு எவரையும் தடுக்கும் வலிமை இல்லை; மதிப்போர் மனத்திலேயே அதன் வலிமை உள்ளது. பிரெஞ்சு நாட்டுச் சாலையோரத்தில் அக்கோடும் இல்லை. ஆயினும் கோடிக்கு மேற்பட்டோர் சாலையோரம் கூடுவதாக மதிப்பிடப்படும் அவ்விழா, நூறாண்டுக்கும் மேலாக நிலைத்திருக்கிறது. பெரும்பாலோர் தாமாகவே ஓரடி பின்னே நிற்பதே அதற்குக் காரணம். அந்த ஓரடி குறைந்தால் நாடெங்கும் வேலி எழும், சீட்டு வரும், ஏழை உழவன் தன் வாயிலில் நின்று உலக வீரனைக் காணும் உரிமை மறையும். கட்டணமின்றிக் கிடைத்த உரிமைக்கு அடக்கமே நாம் செலுத்தும் விலை என்பதை நினைவிற் கொள்வீர்களாக.