முதலில் நடந்தவர்கள்

புக்கிட் என்றால் குன்று. ஆனால் ரயில் காரிடாரில் புக்கிட் தீமா பக்கம் நடக்கும்போது மூச்சு வாங்குவதே இல்லை, கவனிச்சிருக்கீங்களா? ரயிலுக்குச் செங்குத்தான ஏற்றம் ஆகாது. அதனால் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பிப் பாதையைச் சீராக்கினார்கள். பொறியாளனான எனக்கு அங்கே முதலில் தெரிவது மரங்கள் இல்லை, இந்தச் சீரான தரைதான்.

தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர். 1903இல் வந்த பழைய பாதை தேங்க் ரோட்டிலிருந்து நியூட்டன் வழியாகப் போனது. 1932இல்தான் பாதை மேற்கே திருப்பப்பட்டு, தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்டது. சிங்கப்பூர் தனி நாடான பிறகும் பாதை மலாயா ரயில்வேயின் வசமே இருந்தது. 2010இல் இரு அரசுகளும் உடன்பட, 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் கிளம்பியது. ஓட்டிச் சென்றவர் ஜொகூர் சுல்தான். பிறகு தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். நிலையக் கட்டடங்களும் புக்கிட் தீமாவின் இரும்புப் பாலங்களும் காப்பாற்றப்பட்டன. நாம் போட்டோ எடுப்பதும் அவற்றைத்தான்.

ஆனால் ரயில் பாதை என்பது ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடக்கூடிய பொருள் இல்லை. ஒவ்வொரு ரயில் போகும்போதும் கட்டைகளுக்கு அடியிலுள்ள ஜல்லி கொஞ்சம் நகரும், மழையில் மண் இறங்கும். யாராவது தினமும் பாதையோரம் நடந்து, தளர்ந்ததை இறுக்கி, இறங்கிய இடத்தில் ஜல்லியைக் குத்தி நிரப்பணும். மலாயா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர் இருந்தார்கள். வெயிலில் நின்று தண்டவாள வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலிகள். நாம் காலாற நடக்கிற பாதையில் நமக்கு முன்பே நடந்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் நடந்தது சம்பளத்துக்கு.

பாலம் நின்ற இடத்திலேயே நிற்கும், அதற்கு ஒரு பலகை வைத்துவிடலாம். பராமரிப்பு வேலை அப்படியா? ஒழுங்காகச் செய்தால் செய்த தடமே தெரியாது. கட்டடங்களை மட்டும் மரபு என்று எண்ணினால் இந்த மனிதர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

அவர்கள் விட்டுப்போன ஒன்று இன்னும் இருக்கிறது. குவீன்ஸ்வே அருகே, தண்டவாளத்தை ஒட்டி ரயில்வே தொழிலாளர்கள் முனியாண்டிக்கு ஒரு சின்னக் கோயில் கட்டினார்கள். அதுவும் 1932இல்தான். பிறகு இடம் மாறி, இன்று காமன்வெல்த் டிரைவில் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலாக நிற்கிறது. காவல் தெய்வத்தை ரயில் பாதையோரம் வைத்ததற்குக் காரணம் கேட்கவா வேண்டும்? ரயில் வரும் பாதையில் குனிந்து வேலை செய்தவர்களின் சாமி அது.

அடுத்த முறை நடக்கப் போனால் குவீன்ஸ்வே பக்கம் வெளியேறி அந்தக் கோயிலுக்கும் போய்வாருங்கள். ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்த பெரியவர் யாரையாவது தெரிந்தால், அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர்களுக்கு வயசாகிக்கொண்டிருக்கிறது.