தாதியின் கையும் கணனியின் கையும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலே (ஊரார் நாவில் அது தின்னவேலி) பல்கலைக்கழகம் எழுவதற்கு நூறாண்டு முன்பே, சில மைல் தொலைவிலுள்ள மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். அவரது ‘இரண வைத்தியம்’ 1867இல் வெளிவந்தது. அதைக் கற்ற மாணவனுக்கு, கத்திபட்ட நோயாளியின் இரத்த ஓட்டத்தை அறிய நாடியிற் பதிந்த விரலே துணை. கையிற் கட்டி ஊதும் பட்டியை இத்தாலியரான றீவா-றொச்சி 1896இல் தந்தார். நாடிக்குழாயின் ஒலியைக் கேட்டு அமுக்கத்தை அளக்கும் முறையை ருஷ்யரான கொரொட்கோவ் 1905இல் அறிவித்தார்.

அளக்க முடிந்ததும், அதை ஆளும் வேலை தாதியின் தலையில் விழுந்தது. இருதய சத்திரசிகிச்சைக்குப் பின் அமுக்கம் பலருக்குத் திடீரென ஏறும். ஏறினால் தையலிடத்தில் இரத்தம் கசியும். மிகையாகத் தணித்தாலோ மூளையும் சிறுநீரகமும் வாடும். தணிக்கும் மருந்தான நைத்திரோபுரூசைட்டு ஓரிரு நிமிடங்களில் வேலை செய்து, நிறுத்தினால் அவ்வளவு விரைவில் மறையும். ஆளுக்கு ஆள் அதன் வலுவும் பன்மடங்கு வேறுபடும். ஆகவே இரவு முழுதும் ஒருத்தி சொட்டுக்களைக் கூட்டியும் குறைத்தும் நிற்கவேண்டும். இந்த உழைப்புக்கு மருத்துவ வரலாற்றில் பெயரில்லை.

அந்த உழைப்பையே அலபாமாவின் பேர்மிங்ஹாமில் (1963இல் கறுப்பு மக்கள் உரிமை கேட்டு வீதியில் இறங்கிய அதே நகர்) பொறியியலாளர் லூயிஸ் ஷெப்பர்டும், 1966இல் அங்கு வந்த சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் கேர்க்ளினும் கணனியிடம் ஒப்படைக்க முனைந்தனர். 1970களில் அவர்களது கணனி நாடிக்குழாயின் அமுக்கத்தை இடையறாது பார்த்தது. வேண்டிய அளவுடன் ஒப்பிட்டு, மருந்துப் பம்பியை முடுக்கியது, தளர்த்தியது. மனிதக் கையைவிட அலைவு குறைந்தது. இது பெருஞ்சாதனையே. ஆயினும் அமுக்கம் ஏன் ஏறிற்று என்று கணனி கேளாது. வலியா, பயமா, அளவுக்குழாய் அடைத்ததா? அதைக் கண்டறியத் தாதி வேண்டும். 1980களில் விற்பனைக்கு வந்த கருவிகளும் பரவலாக வேரூன்றவில்லை.

திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது. அதன் மாணவர் பயின்ற யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியோ, 1990இல் குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் அற்றபின், எரிபொருளும் பற்றரியும் தடைப்பட்ட நாட்டில் இயங்கவேண்டியதாயிற்று. பம்பியை முடுக்க மின்னில்லாத அந்த ஆண்டுகளிற் கைவிடாதிருந்தது 1905ஆம் ஆண்டின் முறையே: ஒரு பட்டி, ஒரு றப்பர்க் குமிழ், காதிலே குழாய், கட்டிலருகே ஒரு தாதி.