கொங்கு நாட்டில் செவிலியமும் சமூக நல ஆய்வும்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும், அவற்றை ஒட்டிய நீலகிரி, ஆனைமலைப் பகுதிகளிலும் செவிலியர் பயிற்சியும் ஊர்நல ஆய்வும் வளர்ந்த வரலாறு இது. செவிலிய ஆய்வு என்றதும் முதுகலை ஆய்வேடுகளே பலருக்கும் நினைவுக்கு வரும். இந்த வட்டாரத்தைப் பொறுத்தவரை அவை பிற்பாடு வந்தவை. கிராமச் செவிலியர் தம் பதிவேட்டில் எழுதி வைத்ததும், வீடுவீடாகப் போனவர்கள் கண்டு சொன்னதும் அவற்றுக்கு முந்தியவை. நாட்டின் கொள்கையை அசைத்ததும் பெரும்பாலும் அவைதான்.

தொடக்கம்

கொங்குக் கிராமங்களில் பேறு பார்த்தவர்கள் மருத்துவச்சிகள். பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண்களான இவர்கள், தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தில் கற்றுக்கொண்டவர்கள். பேறு நடந்த வீட்டுக்கு அடுத்தடுத்த நாட்களிலும் வந்து தாயையும் பிள்ளையையும் குளிப்பாட்டிக் கவனித்துக்கொண்டார்கள். தொப்புள்கொடித் தொற்றையும் பேற்றுக்குப் பிந்தைய காய்ச்சலையும் தடுக்கும் வழி அவர்களுக்கு யாரும் சொல்லித் தராதது. ஆனால் பேறு முடிந்த பிறகும் வீடு தேடிப் போய்ப் பார்க்கும் அவர்களுடைய வழக்கத்தை நவீன செவிலியம் பல பத்தாண்டுகள் கழித்தே தன் விதிகளில் எழுதிக்கொண்டது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் கோவையைப் பிளேக் திரும்பத் திரும்பத் தாக்கியது. நகரில் இன்றும் வழிபாட்டில் இருக்கும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்தக் காலத்துப் பீதியின் சாட்சிகள். 1929இல் சிறுவாணித் தண்ணீர் வந்தபோது, நோயை மருந்தால் மட்டுமல்ல, நல்ல நீராலும் தடுக்கலாம் என்பதை ஊர் கண்கூடாகக் கண்டது.

முறையான பயிற்சி சென்னையில் பிறந்தது. 1854இல் அரசுப் பேறுகால மருத்துவமனையில் மருத்துவச்சிகளுக்கான பள்ளியும், 1871இல் அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சியும் தொடங்கின. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். அது 1946இல் பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. சென்னை மாகாணச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் 1926இல் வந்தது. கொங்குப் பகுதியில் கோவை அரசு மருத்துவமனையும் ஈரோட்டின் மிஷன் மருத்துவமனையும் செவிலியர் பணிக்கு ஆரம்பக் களங்கள். 1955இல் மருத்துவர்கள் ஏ.கே.தரியனும் ஜேக்கப் செரியனும் ஒட்டன்சத்திரத்தில் தொடங்கிய கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனை, கிராமத்துப் பெண்களைச் செவிலியராக்கும் பணியில் குறிப்பிடத்தக்கது.

இவையெல்லாம் சேர்ந்தும் தேவைக்கு எட்டவில்லை. 1940களின் நடுவில் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான சுகாதாரக் குழு கணக்கெடுத்தபோது பிரிக்கப்படாத இந்தியா முழுவதற்கும் சுமார் 7,000 செவிலியர்களே இருந்தனர்.

காசநோயும் வீட்டுவாசலும்

பெருந்துறை சானடோரியம் கொங்கு மக்களின் நினைவில் ஆழமாகப் பதிந்த இடம். வறண்ட காற்று, மரநிழல், ஓய்வு, நல்ல சாப்பாடு: இவையே அன்று காசநோய்க்குச் சிகிச்சை. இடம் கிடைத்தவர்கள் மாதக்கணக்கில் அங்கே தங்கினார்கள். கிடைக்காதவர்கள் வீட்டிலேயே இருமிக்கொண்டிருந்தார்கள். நோயாளிகளோ பல மடங்கு. அத்தனை பேருக்கும் சானடோரியம் கட்ட எந்த அரசாலும் முடியாது.

இதற்கு விடை சென்னையில் கிடைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து 1956இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில். மற்றவர்கள் நெரிசலான தங்கள் குடியிருப்பிலேயே. மருந்து இரு பிரிவினருக்கும் ஒன்றுதான். 1959இல் வெளிவந்த முடிவு மருத்துவ உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தனர். உடன் வாழ்ந்த உறவினருக்குக் கூடுதலாக நோய் தொற்றியதாகவும் தெரியவில்லை.

இந்த ஆய்வைச் சொல்லும்போது மருந்தின் பெயரும் மருத்துவரின் பெயரும் வரும். செவிலியர் பெயர் வருவதில்லை. மாத்திரையை நோயாளி விழுங்கினாரா, ஜன்னல் வழியே எறிந்தாரா என்பது தெரியாவிட்டால் முழு ஆய்வும் வீண். அதைக் கண்டறிந்தவர்கள் பொதுச் சுகாதாரச் செவிலியரும் சுகாதாரப் பார்வையாளரும். முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீர் மாதிரி வாங்கி மருந்து உடலுக்குள் போயிருக்கிறதா என்று சோதிக்கக் கொடுத்தார்கள். நோயாளி ஏன் மருந்தை நிறுத்தினார் என்பதைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டறிந்தார்கள். மருந்து உட்கொள்வதைக் கண்காணித்துச் சிகிச்சை தரும் இன்றைய முறைக்கு வித்து இங்கேதான் விழுந்தது.

பின்னாளில் பெருந்துறை வளாகத்தில் போக்குவரத்துத் தொழிலாளர் பங்களிப்புடன் மருத்துவக் கல்லூரி எழுந்தது. இன்று அது அரசு மருத்துவக் கல்லூரி. அந்த நிறுத்தத்தைப் பேருந்து நடத்துனர்கள் பலர் இன்னமும் ‘சானடோரியம்’ என்றே கூவுகிறார்கள்.

நர்சம்மாவின் பதிவேடு

1973இல் கர்தார் சிங் குழு பல்நோக்குச் சுகாதாரப் பணியாளர் முறையைப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் அதன் முகம் கிராம சுகாதாரச் செவிலியர். மக்கள் வாயில் ‘நர்சம்மா’. சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு.

கொங்கு நாட்டில் இந்தக் கணக்கு சொல்லாத ஒரு சிரமம் உண்டு. வீடுகள் ஊருக்குள் நெருங்கி நிற்பதில்லை. தோட்டத்துக்கு ஒரு சாளை. ஒரு சாளைக்கும் அடுத்ததற்கும் நடுவே சோளக்காடோ தென்னந்தோப்போ இருக்கும். காட்டு வேலைக்குப் போன பெண் வீடு திரும்பும் நேரம் பார்த்துத்தான் போக வேண்டும். “எத்தனை மாசம் முழுகாம இருக்கறே அம்மிணி?” என்று வாசலில் நின்று கேட்பதில் தொடங்கும் பேச்சு, இரத்த அழுத்தம், எடை, இரும்புச்சத்து மாத்திரை, முந்தைய பேறுகள் என்று நீளும். எல்லாம் பதிவேட்டில் ஏறும். தகுதியுள்ள தம்பதியர், கர்ப்பிணிகள், பிறப்பு, இறப்பு, தடுப்பூசி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நோட்டு.

அந்த நோட்டுகளில் ஒரு குறிப்பு 1990களில் பேசத் தொடங்கியது. சேலம், தருமபுரி பகுதிகளில் பிறந்த சில நாட்களிலேயே பெண் சிசுக்கள் இறந்தன. காரணத்தைக் குறிக்கும் இடத்தில் நர்சம்மாக்கள் ‘சமூகக் காரணம்’ என்று எழுதினார்கள். கொலை என்று எழுதினால் மறுநாள் அந்த ஊருக்குள் கால் வைக்க முடியாது. காய்ச்சல் என்று எழுத மனசாட்சி இடம் தரவில்லை. அந்த நெருக்கடியில் பிறந்த சொல் அது. தெரிந்த உண்மையை மறைக்காமல் எழுதிய அந்தப் பெண்களின் துணிவுக்கு இந்த வரலாற்றில் முதலிடம் தர வேண்டும்.

டென்மார்க் அரசின் உதவியோடு நடந்த டானிடா சுகாதாரத் திட்டத்தில் பணியாற்றிய ஷீலா ராணி சுங்கத் இந்தப் பதிவேடுகளை ஆய்வுக்கு எடுத்தார். பொருளியலாளர் வி.பி.ஆத்ரேயாவுடன் சேர்ந்து, ஆரம்ப சுகாதார நிலையங்களின் சிசு மரணப் பதிவுகளைத் தொகுத்து, 1997இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் கட்டுரை வெளியிட்டார். உயிரியல்படி முதல் வாரத்தில் ஆண் சிசுக்களே அதிகம் இறக்க வேண்டும். சில வட்டாரங்களில் அது தலைகீழாக இருந்தது. வதந்தியாகவும் செய்தித்தாள் பரபரப்பாகவும் இருந்த ஒன்று வட்டாரம் வாரியாக, எண்ணாக, மறுக்க முடியாததாக ஆனது.

1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிள்ளையைக் கொல்லாமல் அரசிடம் கொடுக்கச் சொன்னது. பதிவேடு காட்டிய வழி வேறு: ஏற்கெனவே பெண் குழந்தைகள் உள்ள கர்ப்பிணிகளை முன்கூட்டியே அடையாளம் கண்டு, பேறு வரையிலும் அதற்குப் பின்னும் தொடர்ந்து சந்திப்பது. 1998இல் தருமபுரி மாவட்டத்தில் கலைப்பயணம் என்ற பெயரில் தெருநாடகக் குழுக்கள் ஊர் ஊராகப் போயின. பெண்ணைப் பெற்றவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், வரதட்சணையையும் சொத்துரிமையையும் பற்றி ஊரையே பேச வைத்தது அந்த முயற்சி. 2001 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் 6 வயதுக்குட்பட்டோரில் 1,000 ஆண்களுக்கு 942 பெண்கள் இருக்க, சேலம் மாவட்டத்தில் 851 பேரே இருந்தனர். 2011இல் அது 900ஐத் தாண்டியது. கருவிலேயே பாலினம் பார்க்கும் ஸ்கேன் வழக்கம் இடையில் புகுந்ததால், இந்த ஏற்றத்தை முழு வெற்றியாக எண்ணக் கூடாது.

2000களில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை நியமித்து 24 மணி நேரமும் பேறு பார்க்க ஏற்பாடு செய்தது மாநிலம். 2004–06இல் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 111 ஆக இருந்த தாய் இறப்பு 2018–20இல் 54 ஆகக் குறைந்தது. இரவு இரண்டு மணிக்குப் பேற்றறையில் விழித்திருந்த செவிலியர்களின் பங்கு இதில் பெரிது.

மலைகள்

தருமபுரி மாவட்டத்தின் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் 1993இல் மருத்துவத் தம்பதியர் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினர். வெளியிலிருந்து செவிலியர் அங்கே வந்து தங்க மாட்டார்கள் என்பதால் மலைவாழ் சமூகத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தனர். தொடக்கத்தில் ஆயிரம் பிறப்புக்கு 147 என்று அவர்கள் கணக்கெடுத்த சிசு இறப்பு, பின்னாளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. நீலகிரியின் கூடலூரில் அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையும் இதே பாதையில் நடந்தது. பணியர், குறும்பர், பெட்டக்குறும்பர் குடிகளின் இளம்பெண்கள் அங்கே செவிலியராகி, தங்கள் மொழியிலேயே நோயாளியிடம் பேசுகிறார்கள். அரிவாள் அணுச் சோகை அந்தச் சமூகங்களில் இருப்பதை அறிந்து தொடர்ந்து சிகிச்சை தருவதும் இங்கே நடக்கிறது.

கல்லூரிகள்

கோவையில் தனியார், அறக்கட்டளை மருத்துவமனைகள் பெருகியதோடு செவிலியர் கல்லூரிகளும் பெருகின. பி.எஸ்.ஜி. செவிலியர் கல்லூரி 1994இல் தொடங்கியது; ஸ்ரீராமகிருஷ்ணா, கே.எம்.சி.எச்., கங்கா மருத்துவமனைகளும் கல்லூரி நடத்துகின்றன. அவினாசிலிங்கம் கல்லூரியில் ராஜம்மாள் தேவதாஸ் வளர்த்த ஊட்டச்சத்து ஆய்வு, செவிலியருக்கு அருகிலிருந்த நல்ல முன்மாதிரி: பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவில் எது சேர்ந்தால் என்ன மாறுகிறது என்று சமையற்கூடத்திலிருந்தே தொடங்கிய ஆய்வு அது.

சமூக நலச் செவிலியப் பாடத்தில் மாணவி முதலில் கற்பது பையைத் திறக்கும் முறை. வீட்டுக்குள் நுழைந்ததும் சுத்தமான இடம் பார்த்துச் செய்தித்தாளை விரிப்பாள், அதன்மேல்தான் பை. சோப்பையும் துண்டையும் எடுத்துக் கைகழுவிவிட்டு வந்த பிறகே உள்ளிருக்கும் கருவிகளைத் தொட வேண்டும். பயன்படுத்தியவை திரும்பப் போகும் இடம் வேறு. எந்த வீட்டின் கிருமியும் அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது என்பதற்கான ஒழுங்கு இது. பிறகு ஒரு குடும்பத்தைத் தத்தெடுத்ததுபோல் பல வாரம் தொடர்ந்து பார்த்து எழுத வேண்டும்.

இவ்வளவு நல்ல அடித்தளத்திலிருந்து எழும் முதுகலை ஆய்வேடுகள் பெரும்பாலும் ஏமாற்றுகின்றன. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மின் களஞ்சியத்தைப் புரட்டினால் ஒரே அச்சில் வார்த்த தலைப்புகள் வரிசையாக வரும்: தேர்ந்தெடுத்த கிராமத்தில், தேர்ந்தெடுத்த தாய்மாரிடையே, ஒரு கற்பித்தல் திட்டத்தின் பயன். வினாத்தாள் கொடுத்து, பாடம் நடத்தி, சில நாள் கழித்து அதே வினாத்தாளைக் கொடுத்தால் மதிப்பெண் கூடத்தான் செய்யும். அந்தத் தாய் ஆறு மாதம் கழித்து என்ன செய்தாள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. மாணவியர்மேல் குற்றமில்லை; இரண்டாண்டுப் படிப்பில் களத்துக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான். ஆனாலும் பஞ்சாலைத் தூசியில் இருபது ஆண்டு வேலை செய்தவரின் மூச்சு, தறிக்கூடத்தில் பிள்ளையைத் தூளியில் போட்டு வேலை பார்க்கும் தாயின் பால் கொடுக்கும் நேரம், திருப்பூரின் பனியன் ஆலைகளுக்கு வந்த வடமாநிலத்துக் கர்ப்பிணியின் தடுப்பூசி அட்டை என்று கொங்கு மண்ணுக்கே உரிய கேள்விகள் நீண்டகாலத் தொடராய்வுக்குக் காத்துக் கிடக்கின்றன.

அண்மைக் காலம்

2008இல் கர்ப்பிணிகளுக்கான பிக்மி என்ற கணினிப் பதிவு வந்தது. இன்று கர்ப்பிணிக்குக் கிடைக்கும் பதிவெண் இல்லாமல் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் கிடையாது, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் எளிதில் கிடையாது. நோட்டில் ஒரு முறை, கணினியில் ஒரு முறை என்று எழுதும் சுமை நர்சம்மாவின் தலையில் விழுந்திருக்கிறது. சாளைக்கு நடக்க வேண்டிய நேரத்தை அது தின்கிறது.

2020இல் மாநிலம் நடத்திய தொற்றாநோய்க் கணக்கெடுப்பில், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது தெரியவந்தது. அதன் தொடர்ச்சியாக ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கியது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர்கள் அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து வாசலிலேயே மாத்திரை தருகிறார்கள். படுக்கையில் இருப்போரை வலிதணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வந்து பார்க்கிறார்கள். திட்டத்தின் பயனை மதிப்பிடும் கட்டுரைகள் இதழ்களில் வரத் தொடங்கியுள்ளன. களத்தில் தகவல் திரட்டும் செவிலியரும் அவற்றின் ஆசிரியர் வரிசையில் இடம்பெற வேண்டும் என்ற கோரிக்கைக்கு, 1950களின் சென்னை ஆய்விலிருந்து பார்த்தால், எழுபது ஆண்டு நியாயம் இருக்கிறது.